வீட்டுப் பட்டறைக்கு ஒரு மின்வில்

மின்வில்லைக் கொண்டு உலோகத்தைப் பற்றவைக்கும் முறைகளுள், வெப்பம் தருகிற வேலையையும் உலோகம் ஊட்டுகிற வேலையையும் இரண்டு கைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது டிக் எனப்படும் முறை. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அதற்கு ஆர்கான் வெல்டிங் என்றே பெயர். ராடு வெல்டிங்கில் மின்வில்லை எழுப்புகிற ராடே உருகி இணைப்புக்குள் இறங்கிவிடுகிறது. சிஓ2 வெல்டிங்கில் விசையை அழுத்தியவுடன் சுருளிலிருந்து கம்பி தானாக ஓடிவருகிறது. ஆர்கானில் வலக்கை பிடித்திருக்கும் டார்ச்சின் நுனியில் உருகாத டங்ஸ்டன் ஊசியொன்று மின்வில்லை மட்டும் தாங்கி நிற்க, அதைச் சுற்றியுள்ள பீங்கான் குவளை வழியே இறங்கும் ஆர்கான் வாயு, உருகிய உலோகக் குளத்தைக் காற்றின் ஆக்சிஜனும் நைட்ரஜனும் தீண்டாமல் மூடிக்கொள்ள, இடக்கை தனியே ஒரு மெல்லிய கம்பியை அந்தக் குளத்தில் தொட்டுத் தொட்டு எடுக்கிறது. டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும், இரும்புக்கு 1,538 போதும் என்பதாலும், வெப்பத்தின் பெரும்பங்கு வேலைப்பொருளின் பக்கம் விழும்படி மின்னோட்டத்தின் திசை அமைக்கப்படுவதாலும் ஊசி கரையாமல் நிற்கிறது.

இரு கை வேலை என்பதால் இது மெதுவான வேலை. அந்த மெதுவே இம்முறை எங்கெங்கே வாழ முடியும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையில் ரஸ்ஸல் மெரடித் என்ற பொறியாளர், எளிதில் தீப்பற்றும் மக்னீசியத்தில் விமானம் கட்ட வேண்டிய தேவைக்காக டங்ஸ்டன் ஊசியையும் ஹீலியம் வாயுவையும் சேர்த்து இம்முறையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னர் ஹீலியத்தின் இடத்தை விலை குறைந்த ஆர்கான் பிடித்துக்கொண்டது. திருச்சிராப்பள்ளியின் பாரத மிகுமின் நிறுவனத்தில் உயர் அழுத்தக் கொதிகலன்களுக்கான குழாய்களை இணைக்கும்போது, அடியில் போடும் முதல் தையலாகிய வேர்ப்பற்றுக்கு இன்றும் நம்பப்படுவது இந்த முறைதான். பற்றவைப்பு ஆராய்ச்சிக்கென்றே 1975இல் தொடங்கப்பட்ட நிறுவனமும் அதே வளாகத்தில் இயங்குகிறது. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், இணைப்பின்மேல் ஒருவகை ஆக்சைடுத் தூளைப் பூசிவிட்டுப் பற்றவைத்தால் ஒரே ஓட்டத்தில் பல மடங்கு ஆழம் உருகும் என்ற உத்தியைத் துருப்பிடிக்காத எஃகுக்கென வளர்த்தெடுத்தது. தோல்வியைத் தாங்க முடியாத இடங்களில் மெதுவுக்கு மதிப்பு உண்டு என்பது இவற்றால் விளங்கும்.

மெதுவுக்கு மதிப்புள்ள இன்னோர் இடம், நேரத்துக்குக் கூலி கணக்கிடப்படாத வீடு. மதுரையின் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளுக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இயந்திரத்தின் அளவில் இருப்பதைவிட இந்தக் கணக்கில்தான் அதிகம் இருக்கிறது. கிரில் பட்டறையில் நாளுக்கு எத்தனை சன்னல் முடிந்தது என்பதுதான் பேச்சு என்பதால் அங்கே ராடும் சிஓ2வும் ஆள்கின்றன. கொதிகலன் ஆலைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட இந்த உலகில் ஆர்கான் நுழைந்திருப்பது மாடிப்படிக் கைப்பிடிக்காக மட்டுமே. மதுரையில் கடந்த இருபது ஆண்டுகளில் எழுந்த வீடுகளில் எவர்சில்வர்க் குழாயில் கைப்பிடி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வேலை அடிக்கணக்கில் பேசப்படுவதால், ஊட்டுக்கம்பியே இல்லாமல் இரண்டு குழாய்களின் விளிம்புகளை மட்டும் உருக்கிச் சேர்த்துவிட்டு, மேலே பஃபிங் சக்கரம் ஓட்டிக் கண்ணாடிபோல் பளபளக்கச் செய்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட குழாயொன்றை அறுத்து உட்புறம் பார்த்தால், ஆர்கானின் மறைப்புக் கிடைக்காத பக்கம் கறுத்துப் பொரிந்து, கருகிய சர்க்கரை மணிகள் ஒட்டினாற்போல் இருக்கும். உட்புறமும் வாயு நிரப்பிப் பற்றவைத்தால் அது நேராது. ஆனால் அடிக்கு இவ்வளவு என்று பேசிய பிறகு அதற்கு யாரும் வாயுவைச் செலவிட மாட்டார்கள். இம்முறையின் முழுத் தகுதியையும் வெளிக்கொணரும் வாய்ப்பு, வேடிக்கையாகத் தோன்றினாலும், கொதிகலன் ஆலைக்கு அடுத்தபடியாகப் போர்டிகோவின் ஓரத்தில் தகரம் போட்டுப் பட்டறை வைத்துக்கொண்ட ஒருவருக்கே இருக்கிறது.

அத்தகைய ஒருவர் இயந்திரம் வாங்கக் கடைக்குப் போகும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, எத்தனை ஆம்ப் வேண்டும் என்பதாக இருக்கும். அந்தக் கேள்வியே வழிதவறச் செய்வது. எஃகில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்பது பற்றவைப்பாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. கைப்பிடிக் குழாயின் கனம் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கும் என்றால் 50 அல்லது 60 ஆம்பியர் போதும். எவர்சில்வர்ப் பாத்திரத்தின் அரை மில்லிமீட்டர்த் தகட்டுக்கு 20 போதும். வீட்டுப் பட்டறையின் வேலைகளில் பெரும்பான்மை 100க்குக் கீழேயே முடிந்துவிடுவதால், இயந்திரத்தின் நெற்றியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 200, 250 போன்ற எண்களைக் காட்டிலும், அது எவ்வளவு கீழே இறங்கி 5 அல்லது 10 ஆம்பியரில் மின்வில்லைத் துடிக்காமல் பிடித்து நிற்கும் என்பதே தகுதியைக் காட்டும். இந்த எண்ணை யாரும் நெற்றியில் அச்சிடுவதில்லை.

விலையை உண்மையில் இரண்டாகப் பிளக்கும் கோடு வேறிடத்தில் இருக்கிறது: அலுமினியம் பற்றவைக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே அது. எஃகு, எவர்சில்வர், செம்பு ஆகியவற்றுக்கு ஒரே திசையில் பாயும் டிசி மின்சாரம் போதும். அலுமினியத்தின் மேற்பரப்பிலோ காற்றுப்பட்ட நொடியிலேயே ஆக்சைடுப் படலம் ஒன்று படிந்துவிடுகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருக, அதன் ஆக்சைடு 2,072 டிகிரி வரை உருகாமல் நிற்பதால், தோலுக்குள் உலோகம் தண்ணீராகிவிட்ட பிறகும் தோல் கிழிவதில்லை. மின்சாரத்தின் திசை மாறி மாறிப் பாயும் ஏசியில், டங்ஸ்டன் நேர்முனையாகும் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் மின்வில் அந்தப் படலத்தைப் பெயர்த்தெடுக்கிறது; எதிர்முனையாகும் அடுத்த அரைச்சுற்றில் வெப்பம் உள்ளே இறங்குகிறது. உரிப்புக்கு எவ்வளவு நேரம், உருக்கலுக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பகிர்ந்துகொடுக்கும் திருகை ‘பேலன்ஸ்’ என்பார்கள். உரிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் வெப்பம் ஊசியின் பக்கம் திரும்பி அதன் கூர்மை உருண்டுவிடும். இவ்வளவையும் செய்யும் ஏசி/டிசி இயந்திரத்தின் விலை, டிசி மட்டும் தருவதைப்போல் இரண்டு மூன்று மடங்காவது ஆகும்.

இந்தக் கூடுதல் விலைக்கு ஈடாக மதுரைச் சமவெளியின் வீடொன்றில் அலுமினிய வேலை எவ்வளவு வரும்? விழுந்து விரிசல்விட்ட பைக்கின் கிராங்க் கேஸ், கல்லில் இடித்த அலாய் சக்கரம், அடி ஓட்டையான பிரியாணி அண்டா, குளிர்சாதனத்தின் கசியும் சுருள் ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து சேரக்கூடும். அவற்றுள் பழைய கிராங்க் கேஸ் எண்ணெயில் ஊறிய வார்ப்பு என்பதால் தேர்ந்த கைக்கே அடங்காது; அலாய் சக்கரத்தை வீட்டில் ஒட்டி மனிதரை ஏற்றி ஓட்டச் செய்வது தவறான துணிச்சல். அலுமினியத்தையே தொழிலாகவோ தீராத ஆர்வமாகவோ கொண்டவரைத் தவிர மற்றவர்கள் டிசி இயந்திரத்தோடு நின்றுகொண்டு, அண்டாவை வெளியே கொடுத்து ஒட்டி வாங்குவதே அறிவுடைமை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வாங்கிய ஏசி வசதி, பெரும்பாலான வீடுகளில் திருகு திருப்பப்படாமலே பழையதாகிறது.

அடுத்தது வெயில். இயந்திரம் எவ்வளவு நேரம் தொடர்ந்து உழைக்கும் என்பதை ‘டூட்டி சைக்கிள்’ என்ற விழுக்காட்டால் குறிக்கிறார்கள்: 200 ஆம்பியரில் 35 விழுக்காடு என்றால், பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் அந்த அளவில் எரியலாம், எஞ்சிய ஆறரை நிமிடம் ஆறவேண்டும். பற்றவைப்பு இயந்திரங்களுக்கான ஐஇசி 60974 என்ற பன்னாட்டுத் தரம், இந்த விழுக்காட்டைச் சுற்றுப்புறம் 40 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது கணிக்க வேண்டும் என்கிறது. மலிவான இயந்திரங்கள் சிலவற்றில் 20 அல்லது 25 டிகிரியில் பார்த்த விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். ஐரோப்பியக் குளிர்நாட்டுக் கொட்டகையில் அது பொய்யாகாமல் போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் மதுரையில், தகரக் கூரையின் கீழே பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த அச்சுக்குப் பொருளே இல்லை. பாதி வேலையில் மஞ்சள் விளக்கு எரிந்து இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். தாங்கும் நேரம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 200 ஆம்பியரில் 35 விழுக்காடு உள்ள இயந்திரம் ஏறத்தாழ 118 ஆம்பியரில் இடைவிடாமல் எரியும். 60 ஆம்பியர் வேலைக்கு 200 ஆம்பியர் இயந்திரம் வாங்குவதற்கு உருப்படியான ஒரே காரணம் இதுதான்: உயர்ந்த எண் ஆழமாக உருக்குவதற்கு அல்ல, சித்திரை வெயிலில் மூச்சு விடுவதற்கு.

இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் இன்வெர்ட்டர் வகை. வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அரைக்கடத்திகளால் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, அதன்பிறகே மின்மாற்றிக்குக் கொடுப்பதால், மின்மாற்றியின் இரும்புக் கரு கையளவுக்குச் சுருங்கி, முன்பு நான்கு பேர் தூக்கிய பெட்டி தோளில் மாட்டும் எடைக்கு வந்துவிட்டது. சுருக்கத்துக்கு விலை உண்டு. உள்விசிறி இழுக்கும் காற்றோடு கிரைண்டரின் இரும்புத்தூளும் சர்க்யூட் பலகையில் படிந்து, ஈரம் சேர்ந்த ஒருநாள் மின்பாதையாகிவிடும். அறுப்பும் தேய்ப்பும் நடக்கும் இடத்திலிருந்து இயந்திரத்தைத் தள்ளி வைப்பதும், மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து உலர்ந்த காற்றால் ஊதுவதும், பலகை எரிந்தால் மாற்றுப்பலகை கிடைக்கும் பெயராகப் பார்த்து வாங்குவதும் அதனால் கட்டாயமாகின்றன. 1951இல் அத்வானி-ஓர்லிக்கான் என்று தொடங்கிய அடோர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஈசாப் இந்தியா போன்ற பெயர்களுக்குச் சற்று அதிகம் கொடுப்பது அந்த மாற்றுப்பலகைக்காகத்தான்.

மின்வாரியத்தின் இணைப்பு இதையெல்லாம் தாங்குமா என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஆர்கான் முறையில் மின்வில்லின் வோல்ட் அளவைப் பத்தோடு மின்னோட்டத்தின் நூறில் நான்கு பங்கைக் கூட்டிப் பெறுவது தர நூல்களின் மரபு; 80 ஆம்பியருக்கு 13.2 வோல்ட், அதாவது ஏறத்தாழ 1,050 வாட். இயந்திரத்தின் இழப்பையும் திறன் காரணியையும் சேர்த்தாலும் 230 வோல்ட் இணைப்பிலிருந்து எட்டொன்பது ஆம்பியர்தான் இழுக்கும். வீட்டின் 16 ஆம்பியர் பிளக்கே போதும். அதே இயந்திரம் 200 ஆம்பியரில் எரிந்தால் இழுப்பு 28 ஆம்பியருக்குப் போய், தனி எம்சிபியும் கனத்த வயரும் கேட்கும். கிராமத்தின் மாலை நேரத்து லோ வோல்டேஜில் இன்வெர்ட்டர் திணறுவதும் உண்டு. வேலையைக் கூலிக்குச் செய்யத் தொடங்கினால் வேறொரு சிக்கலும் சேரும்: வீட்டுக்கென்று வாங்கிய இணைப்பை அனுமதிக்கப்படாத வேறு வகைக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்கீழ் வரும்.

வாயுவின் செலவு இயந்திரத்தின் விலையைப்போல் ஒருமுறையோடு தீர்வதில்லை. காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே, 0.93 விழுக்காடாக உள்ள ஆர்கானைக் காற்றைத் திரவமாக்கிப் பிரிக்கும் பெரிய ஆலையில்தான் எடுக்க முடியும். நீல வண்ணம் பூசிய ஏழு கனமீட்டர் சிலிண்டரில் ஏழாயிரம் லிட்டர் வாயு இருக்கிறது என்று கொண்டு, நிமிடத்துக்கு எட்டு லிட்டர் வீதம் விட்டால் பதினான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் மின்வில் எரியும். பத்து லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய சிலிண்டரில் மூன்று மணி நேரம். எப்போதாவது வேலை செய்பவருக்குச் சிறியதே போதும் என்று தோன்றும், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவில் வாயு தீர்ந்து, மறுநாள் வரை பாதி ஒட்டிய வேலை கிடப்பதை அந்தக் கணக்குச் சொல்லாது. எதை எடுத்தாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கவேண்டிய அழுத்தச் சோதனையின் தேதி சிலிண்டரின் தோளில் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, நிமிர்த்திச் சுவரோடு சங்கிலியால் கட்ட வேண்டும்.

அந்த வாயுவுக்கு எதிரி காற்று. ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியே இறங்கி, ஆண்டிப்பட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுச் சமவெளியில் பரவும் வறண்ட காற்று, திறந்த போர்டிகோவில் ஆர்கான் மறைப்பை ஒரு நொடிகூட நிற்கவிடாது. அம்மியே பறக்கும் காற்றில் வாயு எம்மட்டு என்று கேட்கலாம். இணைப்பு வெள்ளிபோல் மின்னுவதற்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஊசித்துளைகளோடு எழும்பினால், புதியவர் பெரும்பாலும் வாயுவின் திருகைக் கூட்டுகிறார். அளவு மிஞ்சினால் வாயுவே சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் என்பதால் நிலைமை மோசமாகும். தார்ப்பாய் கட்டித் தடுப்பதும், டார்ச்சில் வாயுவைச் சீராக இறக்கும் சல்லடையாகிய ‘கேஸ் லென்ஸ்’ மாட்டுவதுமே வழி. எத்தனை வெக்கையானாலும், முகமூடியை இறக்குவதற்கு முன் ஆர்கான் மிஸ்திரி செய்கிற முதல் காரியம் சீலிங் ஃபேனை நிறுத்துவது. வெக்கையைத் தாங்கும் இந்தத் தகுதி இயந்திரத்துக்கு மட்டுமின்றி மனிதருக்கும் வேண்டியிருக்கிறது.

சிறு வசதிகளில் மூன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. டங்ஸ்டன் உலோகத்தைத் தொடாமலே மின்வில் பிறக்கச் செய்யும் உயர் அலைவெண் தொடக்கம். விசையை விட்டதும் மின்னோட்டம் படிப்படியாக இறங்கும் வசதி, இது இல்லாவிட்டால் முடிக்கும் இடத்தில் குழி விழுந்து விரிசல் காணும். மின்வில் அணைந்த பிறகும் சில நொடிகள் வாயு தொடரும் வசதி, இல்லாவிட்டால் சூடான ஊசி கறுத்துவிடும். பல்ஸ், நினைவகம், வண்ணத்திரை போன்றவை வந்தால் வரட்டும். காற்றால் குளிரும் 26ஆம் எண் டார்ச் பரவலாகக் கிடைக்கிறது. 100க்குக் கீழான வேலைக்குக் கைக்கு இலேசான 17ஆம் எண்ணே இணக்கமானது.

ஊசி வாங்கும்போது சிவப்பு நுனி உள்ளதைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். அதில் இரண்டு விழுக்காடு தோரியம் கலந்திருக்கிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டில் இருக்கும் அதே கதிரியக்கத் தனிமம். ஊசி கையில் இருப்பதால் பெருந்தீங்கில்லை, கூர் தீட்டும்போது எழும் தூளை மூச்சில் இழுப்பதே தீங்கு. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்தத் தூளுக்கு இடமில்லை. லாந்தனம் கலந்த தங்க நிற நுனியோ நீல நுனியோ அதே வேலையைச் செய்கிறது. புகை குறைவு என்பதால் ஆர்கான் தீங்கற்றது என்ற எண்ணமும் தவறு: புகை மறைக்காத மின்வில்லின் புறஊதாக் கதிர் வெண்சுவரில் பட்டுத் திரும்பி, வாசலில் கோலம் போடுபவரின் கண்ணையும் தாக்கும். தானியங்கி முகமூடி ஒன்றோடு மறைப்புத் திரை ஒன்றையும் இயந்திரத்தின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மதுரைச் சமவெளியின் வீட்டுப் பட்டறைக்குத் தேவையானது, 160 முதல் 200 ஆம்பியர் வரையிலான டிசி இன்வெர்ட்டர் ஒன்று. ஏசி வசதிக்குப் போயிருக்கக்கூடிய தொகையில் ஒரு பெரிய சிலிண்டர், தனி வயரிங், நல்ல முகமூடி, பழகிக் கெடுப்பதற்கென்று பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சாக்குத் துண்டுக் குழாய் ஆகியவை வந்துவிடும். முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்குக் கே.புதூரின் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வாங்கப் போகிறவர்கள் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இயந்திரத்தைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டில் டூட்டி சைக்கிளுக்கு அருகே 40 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.